கருவியின் நிரலை மொழி மாதிரி படிப்பதில்லை
ஏஜென்ட் என்பது மொழி மாதிரி எனும் ஏஐயைக் கொண்டு, தேவையான கருவிகளை (தேடல் போன்ற சிறு செயல்நிரல்களை) அழைத்து வேலைகளை முடிக்கும் மென்பொருள். நிரல் தெளிவாக இருந்தால் கருவிக்கு ஒருவரி விளக்கமே போதும், மற்றதை ஏஜென்ட் தானே புரிந்துகொள்ளும் என்று சிலர் கருதுவது சரியன்று. வழக்கமான அமைப்பில் மொழி மாதிரிக்குக் கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (அவற்றின் பெயர், வகை முதலியவற்றைக் கூறும் வரையறை) ஆகியவையே அனுப்பப்படுகின்றன. நிரல் வெளியே தனியாக இயங்குவதால், அதை எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தாலும் அது மாதிரியின் பார்வைக்கு வருவதே இல்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் இதுவே நிலை. தேதி என்ற உள்ளீட்டில் 03-04-2025 என்பது மார்ச்சைக் குறிக்கிறதா ஏப்ரலைக் குறிக்கிறதா, எதுவும் கிடைக்காதபோது வெற்றுப் பட்டியல் வருமா பிழைச்செய்தி வருமா, இதையொத்த இன்னொரு கருவியை எப்போது அழைக்க வேண்டும் என்பவற்றை விளக்கத்தில்தான் எழுதியாக வேண்டும். விளக்கம் நீண்டால் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவு கூடும் என்ற கவலை மட்டும் நியாயமானது. ஆனால் தவறான அழைப்புக்குப் பின் நடக்கும் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் டோக்கன் செலவாகவே செய்கிறது.