இராப்பாடி என்றொரு சுரங்கம்

ஜெர்மனியின் ரூர் பகுதிக்கு வரும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே இடத்தைத்தான்: எசன் நகரின் ட்சோல்ஃபெரைன். 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மாபெரும் நிலக்கரிச் சுரங்கம் அது. நானும் அழைத்துப் போகிறேன். மறுநாள் விட்டன் நகருக்கும் வாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். பாதிப் பேர் வருவதில்லை. அவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விட்டனின் பொம்மர்ன் பகுதியில், ரூர் ஆற்றங்கரையில், முட்டன் பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கிறது நாக்டிகால் சுரங்கம். நாக்டிகால் என்றால் நைட்டிங்கேல், நம் அகராதிகள் இராப்பாடி என்று சொல்லும் பறவை. 1714-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே இந்தச் சுரங்கத்தின் பெயர் வந்துவிட்டது. இந்த வட்டாரத்துக்காரர்கள் பெயர் வைப்பதில் தனி மனம் படைத்தவர்கள். பூமிக்கு அடியில் ஒருநாளும் வெளிச்சம் படாத ஒரு நிலக்கரிப் படுகைக்குச் ‘சூரிய ஒளி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பன்றி மேய்த்த சிறுவன் ஒருவன் இந்தப் பள்ளத்தாக்கில் குளிர் காய நெருப்பு மூட்டினானாம். காலையில் பார்த்தால் விறகு சாம்பலாகியிருக்க, கீழே இருந்த கறுப்புக் கல் கனன்றுகொண்டிருந்ததாம். கதைதான். ஆனால் இப்படியொரு கதை இங்கேதான் பிறக்க முடியும். ரூர் ஆற்றை ஒட்டிய தெற்கில் நிலக்கரிப் படுகைகள் தரைமட்டத்துக்கே வந்து எட்டிப் பார்க்கின்றன. வடக்கே போகப் போகச் சரிந்து, சுண்ணாம்புக் களிப்பாறைக்கு அடியில் ஆழத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் இங்கே தொடக்கத்தில் பெரிய இயந்திரமோ பெரிய முதலோ தேவைப்படவில்லை. மலைச்சரிவில் பக்கவாட்டாகக் குடைந்துகொண்டே போனார்கள். சுரங்கவழியைச் சற்றே சாய்வாக வைத்தால் ஊற்றுத் தண்ணீர் தானாகவே வெளியே ஓடிவிடும்.

பள்ளத்தாக்கின் மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரைதான் அந்த வசதி. 1832-இல் நாக்டிகாலில் செங்குத்துக் குழி தோண்டத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. தோண்டத் தோண்டத் தண்ணீர். நீராவி இயந்திரம் வைத்து இறைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்த பெரிய சுரங்கமாக ஒரு காலத்தில் அது வளர்ந்ததும் உண்மை. கடைசியில் வென்றது தண்ணீர்தான். இறைக்கும் செலவுக்குக் கிடைத்த கரி ஈடுகொடுக்காமல் 1892-இல் மூடினார்கள். அதற்குள் தொழிலே வடக்கு நோக்கி, ஆழமான சுரங்கங்களை நோக்கி நகர்ந்துவிட்டிருந்தது. பிறகு அதே இடத்தில் செங்கல் சூளை வந்தது. பக்கத்துக் குன்றின் களிப்பாறையை அரைத்து 1963 வரை செங்கல் சுட்டார்கள். இன்று அது அருங்காட்சியகம். வட்டச் சூளையின் உள்ளே நடந்து பார்க்கலாம்.

சற்றுத் தள்ளி, பள்ளத்தாக்கின் உள்ளே, 1830-இல் கட்டிய பிரார்த்தனை வீடு ஒன்று இருக்கிறது. கீழே கொல்லன் பட்டறை, மேலே பிரார்த்தனைக் கூடம். வேலைக்கு இறங்குமுன் மேற்பார்வையாளர் பெயர் வாசிப்பார், எல்லாரும் கூடிப் பிரார்த்திப்பார்கள். உளியைத் தீட்டும் இடமும் உயிருக்கு வேண்டிக்கொள்ளும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே. ட்சோல்ஃபெரைனின் உயரமான இரும்புக் கோபுரத்தின் முன் எனக்கு வியப்பு வந்தது. இந்தச் சின்ன வீட்டு வாசலில் தொண்டை அடைத்தது.

அருங்காட்சியகத்தில் தலைக்கவசம் மாட்டிவிட்டுச் சுரங்கவழிக்குள்ளும் கூட்டிப் போகிறார்கள். ‘குளுக் அவ்ஃப்’ என்பதுதான் சுரங்கக்காரர்களின் வணக்கம். குனிந்து நடந்து கரிப் படுகையின் முன் நின்றபோது, அது இவ்வளவு ஒடுங்கியதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இதற்காக ஒரு மனிதன் நாள் முழுவதும் ஒருக்களித்துப் படுத்துக் கொத்தியிருக்கிறான்.

இந்தச் சிறு சுரங்கங்களின் கதை 1892-உடன் முடியவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பஞ்சக் குளிர்காலங்களில் இந்தச் சரிவுகளில் மக்கள் தாங்களே தோண்டினார்கள். அனுமதி பெற்ற சிறு சுரங்கங்களும் ஏராளமாகத் திறந்தன. சில பேர், ஒரு தள்ளுவண்டி, ஒரு மரச் சட்டம், அவ்வளவுதான் முதலீடு. ரூர் பகுதியில் அந்த வகைச் சிறு சுரங்கங்களில் கடைசியான எக்பர்ட், அதுவும் விட்டனில்தான், 1976-இல் மூடப்பட்டது. நாடே திரும்பிப் பார்க்கவில்லை. 2018 டிசம்பர் 21 அன்று போட்ரோப் நகரில் ரூர் பகுதியின் கடைசிப் பெரிய நிலக்கரிச் சுரங்கமான ப்ரோஸ்பர்-ஹானியல் மூடப்பட்டபோது, கடைசிக் கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரின் கையில் கொடுத்தார்கள், தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. அந்த மரியாதை நியாயமானதுதான். எக்பர்ட்டில் வேலை பார்த்தவனுக்கும் அது உரியது என்பது என் வாதம்.

இது பழம்பெருமைக்கான வாதம் மட்டுமல்ல. பெரிய சுரங்கங்களுக்கு வரைபடம் இருக்கிறது, பொறுப்பேற்க அறக்கட்டளை இருக்கிறது, மூடிய பின்னும் முடிவே இல்லாமல் தண்ணீர் இறைக்கப் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தரையை ஒட்டித் தோண்டிய பழைய குழிகள் பலவற்றுக்கு இவை எதுவும் கிடையாது. 2000 ஜனவரித் தொடக்கத்தில் போஹும் நகரின் ஹோன்ட்ரோப் பகுதியில், எப்போதோ மூடிய சுரங்கத்தின் மேல் இருந்த தரை திடீரென வாய் பிளந்து கார் கொட்டகைகளை விழுங்கியது. இந்த நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் கைவிடப்பட்ட குழிகளும் சுரங்க வாய்களுமாக, தெரிந்தவை மட்டுமே 30,000-ஐத் தாண்டும். முட்டன் பள்ளத்தாக்கின் பழைய இடங்களைத் தன்னார்வலர்கள்தான் விடுமுறை நாட்களில் சுத்தம் செய்து, பழைய மரச் சட்டங்களை மாற்றி, காப்பாற்றி வருகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும். பழைய வரைபடங்கள் ஒவ்வொன்றும் எல்லாரும் இணையத்தில் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட வேண்டும். ஊர் முதியவர்கள் நினைவில் வைத்திருக்கும் குழிகளையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு என் நண்பர் ஒருவர் இந்தப் பக்கம் வீடு வாங்கினார். வாங்குமுன் சுரங்க வரைபடத்தைப் பார்க்க விண்ணப்பித்தார். துணைக்கு நானும் போனேன். அழகான கையெழுத்து, மங்கிய மை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சுரங்கவழியின் இரட்டைக் கோடு வந்து, இன்று அவருடைய தக்காளிப் பாத்தி இருக்கும் இடத்தின் அருகே நின்றுவிடுகிறது. தோண்டுவதை அங்கே நிறுத்தினார்களா, வரைவதை நிறுத்தினார்களா என்று அவர் கேட்டார். அதிகாரி வரைபடத்தின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.