பேப்ஸைப் புதைத்த இடம்

(பென்டைன், வேல்ஸ். கடற்கரையை ஒட்டிய டீக்கடை. ஜன்னலுக்கு உள்ளே பாட்டி. வெளியே ஒருவர், வலது கையில் டீ, இடது கையில் போன், கவனம் முழுக்க இடது கையில்.)

வந்தவர்: என்ன சொன்னீர்கள் பாட்டி? புதைத்தார்களா?

பாட்டி: ஆமாம் தம்பி. அதோ அந்த மணல் மேட்டுப் பக்கம். 1927 மார்ச்சில். பேப்ஸை அங்கேதான் புதைத்தார்கள்.

வந்தவர்: (தட்டிக்கொண்டே) பேப்ஸ்... புதைத்தார்கள்... அடடா. சின்ன வயசா?

பாட்டி: சின்ன வயசுதான். செய்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும்.

வந்தவர்: ஐயோ, பச்சைக் குழந்தை!

பாட்டி: குழந்தையா? 27 லிட்டர் கொள்ளும்.

வந்தவர்: பாலா?

(பாட்டிக்கு இந்த இடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நாற்பது டீ போட்டாயிற்று, நாற்பது பேரும் போனைப் பார்த்துக்கொண்டே சில்லறை வாங்கிப் போயிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் கதை கேட்டுவிட்டு "ம்ம், ம்ம்" என்று சொன்னதோடு சரி. பாட்டி திருத்தவில்லை.)

பாட்டி: பெட்ரோல் வாசம் கொஞ்சம் அடிக்கும், மற்றபடி நல்ல பிள்ளை. அது இருக்கட்டும், உங்கள் வண்டியை எங்கே விட்டிருக்கிறீர்கள்?

வந்தவர்: இங்கேதான், கீழே மணலில். கடல் எங்கேயோ இருக்கிறதே, பயமில்லை. நீங்கள் சொல்லுங்கள். பேப்ஸின் அப்பா அம்மா யார்?

பாட்டி: அம்மா கிடையாது. அப்பா ஒரு பிரபு. லூயி ஸ்போரோவ்ஸ்கி என்று பேர். கான்டர்பரி பக்கம் ஹையம் என்ற மாளிகையில் இருந்தார், பணம் எங்கே கொட்டுவது என்று தெரியாத ஆள். அங்கே பிறந்ததால் ஹையம் ஸ்பெஷல் என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். இதயம் அமெரிக்கச் சரக்கு, விமானத்துக்கென்று செய்தது. இடுப்பு ஜெர்மன்காரனுடையது.

வந்தவர்: கலப்புக் குடும்பம்.

பாட்டி: ரொம்பக் கலப்பு. 1924-இல் அந்தப் பிரபு இத்தாலிக்குப் போய் மோன்சா பந்தயத்தில் செத்துப்போனார். அப்புறம் பாரி தாமஸ் வந்து 125 பவுண்டு கொடுத்து பேப்ஸை வாங்கிக்கொண்டு போனார்.

(முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நமக்குத் தெரியும். இவர் ஜான் காட்ஃப்ரி பாரி தாமஸ், வேல்ஸ்காரர். இந்தப் பாரியின் தேர் போனது மணலுக்கு.)

வந்தவர்: வாங்கினாரா? விலை கொடுத்தா? அப்போது இந்த ஊரில் போலீஸ் எல்லாம் இல்லையா?

பாட்டி: இருந்தது. கைதட்ட வந்தது.

வந்தவர்: (போனை வாயருகே வைத்து) ஏய், கேளுங்கள் எல்லோரும், 125 பவுண்டுக்குக் குழந்தையை விற்றிருக்கிறார்கள், நான் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். பாட்டி, கொண்டுபோய் என்ன செய்தார்?

பாட்டி: நெஞ்சைப் பிரித்தார்.

வந்தவர்: ஐயோ!

பாட்டி: உள்ளே இருந்த பன்னிரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு, தானே வரைந்து தானே செய்ய வைத்த பன்னிரண்டை உள்ளே வைத்தார். மூச்சு விடுவதற்கு நாலு துவாரம் வைத்தார். மூக்கை நீட்டினார்.

வந்தவர்: டாக்டரா அவர்?

பாட்டி: லேலண்ட் கம்பெனியில் தலைமை எஞ்சினியர். வேலையை விட்டுவிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்திலேயே ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு குடியிருந்த மனுஷர். கல்யாணம் இல்லை.

வந்தவர்: (போனில்) எஞ்சினியராம்! ஆபரேஷன் செய்திருக்கிறான்!

பாட்டி: அப்புறம் 1926 ஏப்ரலில் இங்கே கொண்டுவந்து இதே மணலில் ஓட விட்டார். இது ஏழு மைல் நீளம், தண்ணீர் வற்றினால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும், புரூக்லண்ட்ஸ் மாதிரி சுற்றிச் சுற்றி வரவேண்டாம். 27-ஆம் தேதி 169 மைல். மறுநாள் 171. உலகத்திலேயே யாரும் தரையில் அவ்வளவு வேகம் போனதில்லை.

வந்தவர்: நாலு வயசுக் குழந்தை மணிக்கு 171 மைல்...

(இங்கே போன் கீழே இறங்கியது. அன்றைக்கு முதல் முறையாக.)

வந்தவர்: பாட்டி. யார் ஓடியது?

பாட்டி: கார், தம்பி.

வந்தவர்: பேப்ஸ் காரா?

பாட்டி: கார். 27 லிட்டர் எஞ்சின், பன்னிரண்டு சிலிண்டர், 450 குதிரை சக்தி. நான் பிரித்தார் என்று சொன்னது பிஸ்டன். நாலு துவாரம் என்றது கார்புரேட்டர்.

வந்தவர்: கார் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா?

பாட்டி: முதல் வார்த்தையே கார்தான். அப்போது நீங்கள் என் கெட்டிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

வந்தவர்: குடும்பக் குழுவில் போட்டுவிட்டேனே! ஏழு பேர் அழும் முகம் போட்டிருக்கிறார்கள். அத்தை ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றப்போகிறேன் என்கிறாள்.

பாட்டி: ஏற்றட்டும், வீண் போகாது. தாமஸ் அந்தக் காரில்தான் செத்தார்.

வந்தவர்: (முகம் மலர்ந்து) அப்படியா? எப்படி?

(இந்த மலர்ச்சியைத்தான் எழுத வந்தேன். மியூசியங்களிலும் பழைய கோட்டைகளிலும் வழிகாட்டிகள் அரைமணி நேரம் தொண்டை கிழியப் பேசும்போது தூணில் சாய்ந்து நிற்பவர்கள், "இந்த இடத்தில்தான் வெட்டினார்கள்" என்றதும் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்.)

பாட்டி: அவசரப்படாதீர்கள். 1927 பிப்ரவரியில் மால்கம் கேம்ப்பெல் என்று இன்னொரு பந்தயக்காரர் இதே பென்டைன் மணலுக்கு வந்து 174 மைலும் சொச்சமும் போய் ரெக்கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாமஸுக்கு அப்போது ஃப்ளூ. சரியாகத் தேறாத உடம்போடு மார்ச் 3-ஆம் தேதி பேப்ஸை எடுத்தார்.

வந்தவர்: 174 மைல் என்றால் 280 கிலோமீட்டர். என் மச்சான் பைக்கே போகும்.

பாட்டி: போகும். உங்கள் மச்சானை அந்த பைக்கோடு இங்கே அனுப்பி வையுங்கள். ஈர மணலில், 1926-ஆம் வருஷத்து டயரில், ஹெல்மெட் என்று சொல்லி ஒரு தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு போகட்டும். நான் டீ இலவசமாகத் தருகிறேன், திரும்பி வந்து குடிப்பதாக இருந்தால்.

வந்தவர்: கோபப்படாதீர்கள். எப்படிச் செத்தார் என்று சொல்லுங்கள்.

பாட்டி: கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. பின்சக்கரத்துக்குப் போகும் சங்கிலி அறுந்து அடித்துவிட்டது என்றுதான் ரொம்ப வருஷம் எல்லோரும் சொன்னார்கள்.

வந்தவர்: சங்கிலி அறுப்பா! கடற்கரையில் அப்போதே உண்டா? எத்தனை பவுன்?

பாட்டி: 125.

வந்தவர்: அவ்வளவா!

பாட்டி: சைக்கிளில் இருக்குமே, அந்தச் சங்கிலி தம்பி. கழுத்தில் போடுவதில்லை. கால் மொத்தத்துக்கு இருக்கும்.

வந்தவர்: ஓ. அப்போது தலை?

பாட்டி: தலைக்கு என்ன?

வந்தவர்: தலை துண்டாகிவிட்டதாமே. இதோ, போனில் இருக்கிறது.

பாட்டி: போனில் இருக்கும். பின்னால் காரைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து பார்த்தவர்கள், சங்கிலிமேல் பழி போட முடியாது, வலது பின்சக்கரம் உடைந்துதான் கார் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

வந்தவர்: சக்கரமா? சப்பென்று இருக்கிறதே. சங்கிலி என்றே வைத்துக்கொள்வோம்.

பாட்டி: வைத்துக்கொள்வோமா?

வந்தவர்: சக்கரம் என்றால் யார் படிப்பார்கள்? சங்கிலி, தலை, குழந்தை. இப்படிப் போட்டால்தான் ஓடும்.

பாட்டி: குழந்தை இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்.

வந்தவர்: அதைத் திருத்தினால் அத்தை கோபித்துக்கொள்வாள்.

(இந்த இடத்தில் பாட்டி ஜன்னலை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.)

பாட்டி: தம்பி, உங்கள் வண்டி எங்கே என்றேன்?

வந்தவர்: கீழே, கீழே. சரி, காரை ஏன் புதைத்தார்கள்? விற்றிருக்கலாமே.

பாட்டி: யார் வாங்குவார்கள்? விசாரணை முடிந்தது, குழி தோண்டினார்கள், மூடினார்கள். தாமஸை புரூக்லண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைஃப்லீட்டில் அடக்கம் செய்தார்கள். அதே மார்ச் 29-ஆம் தேதி ஸீக்ரேவ் என்ற இன்னொரு பந்தயக்காரர் அமெரிக்காவில் டேடோனா கடற்கரையில் 203 மைல் போய்விட்டார். எண்ணிப் பாருங்கள், 26 நாள். இவர் எந்த நம்பருக்காக ஃப்ளூவோடு எழுந்து வந்தாரோ, அந்த நம்பரை அந்த மாசம் முடிவதற்குள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்தவர்: ம்ம்.

பாட்டி: "ம்ம்" போடாதீர்கள்.

வந்தவர்: சொல்லுங்கள், கேட்கிறேன். தோண்டியது யார்?

பாட்டி: ஓவன் வின் ஓவன்.

வந்தவர்: மைக்ரோவேவா?

பாட்டி: பேர் தம்பி! முன்னாலும் ஓவன், பின்னாலும் ஓவன், நடுவில் வின். பாங்கர் பக்கம் தொழில்நுட்பக் கல்லூரியில் வாத்தியார். குழி இருந்த இடம் ராணுவத்தின் கையில் இருந்தது, துப்பாக்கிப் பயிற்சி நடக்கிற நிலம். அனுமதி வாங்கி 1969-இல் தோண்டினார். நான் அப்போது ஸ்கூல் பிள்ளை. ஜலதோஷம் என்று அம்மா என்னைப் போகவிடவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

வந்தவர்: உள்ளே என்ன இருந்தது? எலும்பு?

பாட்டி: துரு.

வந்தவர்: வேறு?

பாட்டி: மணல். அப்புறம் இன்னும் கொஞ்சம் துரு. 42 வருஷம் உப்பு மணலில் கிடந்தால் மேல்தகடு என்ன ஆகும்? வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, சுரண்டி, ஆகாததை மறுபடி செய்து, எஞ்சினை உறும வைத்தார். உறும வைத்தார் என்று நான் ஒரு வாயில் சொல்லிவிட்டேன், அது 15 வருஷம் போல. ஒரு போல்ட்டைத் திருகுவதற்குப் பாதி நாள் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். அதிலும் அது பாதியில் முறிந்துவிட்டால் மிச்சத்தைத் துளை போட்டு எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு பழைய டிராக்டரை இப்படிப் பார்த்தார், எனக்குத் தெரியும். இங்கே வருகிறவர்கள் எல்லாம் தலை எங்கே விழுந்தது என்று கேட்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் செத்தவருக்கு ஆயிரம் கேள்வி. 15 வருஷம் துரு சுரண்டியவரின் நகத்தைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

வந்தவர்: (சற்று நேரம் கழித்து) நகத்துக்கு என்ன ஆச்சு?

பாட்டி: ஒன்றும் ஆகவில்லை! பேச்சுக்குச் சொன்னேன்!

வந்தவர்: சரி, சரி. அப்போது அந்தக் காரில் எத்தனை சதவீதம் ஒரிஜினல்?

பாட்டி: உங்கள் வாயில் எத்தனை பல் அடைத்திருக்கிறது?

வந்தவர்: மூணு. ஒன்று கட்டியது.

பாட்டி: அந்த நாலையும் கழித்துவிட்டுத்தான் உங்கள் அம்மா உங்களை மகன் என்கிறாரா?

வந்தவர்: (யோசித்து) இன்றைக்கு விற்றால் என்ன விலை போகும்?

பாட்டி: 125 பவுண்டு.

வந்தவர்: பாட்டி!

பாட்டி: பக்கத்தில்தான் மியூசியம். வருஷத்தில் சில மாசம் பேப்ஸ் இங்கே இருக்கும், மிச்ச மாசம் புரூக்லண்ட்ஸில் இருக்கும், இரண்டு வீட்டு மருமகள் மாதிரி. போய் நேரில் பாருங்கள். வெள்ளையும் நீலமுமாக, மூக்கு நீண்டு, பின்பக்கம் கூர்மையாக.

வந்தவர்: உள்ளே வைஃபை இருக்குமா?

பாட்டி: தம்பி, கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் வண்டி எங்கே?

வந்தவர்: எத்தனை தடவை சொல்வது, அதோ அங்கே, அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில்...

(திரும்பிப் பார்த்தார். கம்பம் இருந்தது. கடல் இத்தனை நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு வெள்ளை நுரை வரி காரின் பின்சக்கரத்தைச் சுற்றி வந்து, கீழே இருந்த மணலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.)

வந்தவர்: பாட்டி! பாட்டி, கயிறு இருக்கிறதா? டிராக்டர்? யாரைக் கூப்பிட வேண்டும்? வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பாட்டி: போன தடவை 42 வருஷம் ஆச்சு.

வந்தவர்: (ஓடிக்கொண்டே) ஐயோ, சக்கரம் முழுக்க உள்ளே போய்விட்டதே!

பாட்டி: (ஜன்னலில் எட்டி, கத்தி) தம்பி! அதற்குப் பேர் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?