கடைக் காசில் காடு வாங்கியவர்

கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டி கிராமத்து இயற்கை விவசாயி பாப்பம்மாள் பாட்டியைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லோரும் அவர் வயதைத்தான் பேசினார்கள். நூறு வயதைத் தாண்டியும் இரண்டரை ஏக்கரில் இயற்கை விவசாயம் பார்த்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அவர் நடத்திய கடை. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தி, அந்தக் காசில் விவசாய நிலம், எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு, வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு பெண் சொந்தச் சம்பாத்தியத்தில் காடு வாங்குவது லேசான காரியமா?

என் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) மேட்டுப்பாளையம் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. யார் எவ்வளவு பாக்கி என்பதைச் சுவரில் கரிக்கோடாகக் கிழித்து வைப்பார். ஆளுக்கொரு வரிசை. கொடுத்துவிட்டால் ஈரத்துணியால் அந்தக் கோட்டை மட்டும் துடைப்பார். ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தால் புகையிலை வாசம் வரும், அப்புறம் எனக்கு ஒரு தேன்மிட்டாய்.

பாப்பம்மாள் பாட்டி 2024 செப்டம்பரில் போய்விட்டார். அவருடைய கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தேக்கம்பட்டியில் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை எழுதுங்கள், தயவுசெய்து.