லாத்தே கேட்டால் பால் வருகிறது
கும்பகோணத்து டபரா காபியில் வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் இத்தாலியில் காபிக்கு அல்லாட வேண்டுமென்று தலையெழுத்து. ரோமில் பால் காபி வருமென்று ஆசையாக ‘லாத்தே’ கேட்டேன். வந்தது ஒரு தம்ளர் வெறும் பால்! அந்த ஊர் பாஷையில் லாத்தே என்றாலே பால்தானாம். வீட்டுக்காரர் ‘காஃபே’ என்றார்; சங்கில் புகட்டுகிற அளவுக்குக் கறுப்பாக ஏதோ வந்தது. சரி, கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டோம். அங்கேதான் வினை. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல். நம்மூர் கடையில் பெஞ்சுக்கு யாராவது காசு கேட்பார்களா? அப்புறம் பாத்ரூமுக்கும் சில்லறை எடுக்க வேண்டியிருந்தது. பீசாவின் சாய்ந்த கோபுரமாவது பரவாயில்லையா என்றால், சுமார் 56 மீட்டர்தான். “நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் இதைவிட உயரம், நேராவும் நிக்குது” என்று இவர் வழியெல்லாம் முணுமுணுப்பு. ஊர் திரும்பியதும் மாமியார் கேட்டது ஒன்றுதான்: “காபியாவது ஒழுங்கா கிடைச்சுதா?”