எனக்குக் காரம் தாங்காதாம்!

ஒரு பையனை ஏமாற்றி மிளகாய் தின்ன வைத்த அந்த வீடியோவின் கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டதோடு சரி, அதைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் கமெண்ட்டில் வந்து, "காரம் தாங்கலைன்னா ஒதுங்கிக்கோங்க, எதுக்குப் புலம்பல்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு நாற்பது ஹாஹா. சரி, புலம்பியே விடுகிறேன்.

"கடிச்சுப் பாருடா, பழம் மாதிரி இருக்கும்" என்று அந்தப் பையன் கையில் திணித்தது கரோலினா ரீப்பர், உலகின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்று. கொடுத்தவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் எச்சில் ஒழுகத் தரையில் உட்கார்ந்து அழுததை மூன்று பக்கமிருந்தும் படம் பிடித்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான். சொல்லிவிட்டுக் கொடுத்தால் என்ன?

"மிளகாய்தானே" என்கிறீர்கள். ஹாலப்பீனோ மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில், 8,000-த்தைத் தாண்டுவது அபூர்வம். 2007-ல் நம் வடகிழக்கு மிளகாய் பூத் ஜோலோக்கியா கின்னஸில் ஏறியபோது 10,01,304. 2013-ல் ரீப்பர் 15,69,300. 2023-ல் பெப்பர் எக்ஸ் 26,93,000. பின்னது இரண்டையும் உருவாக்கியவர் எட் கரீ என்ற அமெரிக்க மிளகாய் வளர்ப்பாளர். பெப்பர் எக்ஸை முழுசாகத் தின்றுவிட்டு மூன்றரை மணி நேரம் எரிந்தது, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் ஒரு பளிங்குச் சுவர்மேல் ஒரு மணி நேரம் முனகிக் கிடந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெற்ற அப்பனுக்கே அந்தக் கதி. அவராவது தெரிந்து தின்றார்.

எனக்குக் காரம் தாங்காதாம். எட்டு தொட்டியில் ரீப்பரைத்தான் வளர்க்கிறேன் ஐயா. ரீப்பரைப் பிளந்தால் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிர்ச் சவ்வில். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் மினுங்கும். முதல் வருஷம் கையுறை இல்லாமல் நறுக்கினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். ராத்திரி கான்டாக்ட் லென்ஸைக் கழற்ற விரலைக் கண்ணில் வைத்தேன். அதற்கு மேல் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. அன்றிலிருந்து யாருக்குப் பழம் கொடுத்தாலும் கவர்மேல் எழுதித்தான் கொடுப்பேன்.

ஒரு படித்தவர், "நிஜமா எதுவும் வேகறதில்லை, கேப்சைசின் நரம்பை ஏமாத்துது, அவ்வளவுதான்" என்று பாடம் எடுத்தார். கேப்சைசின் என்பது மிளகாய்க்குக் காரம் தரும் பொருள். வாஸ்தவம். நரம்பில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான் (ரிசெப்டர்) அது தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். அதனால்? நரம்பு ஏமாந்தால் வலிக்காதா? போட்டியில் ரீப்பர் தின்ற 34 வயதுக்காரர் ஒருவருக்கு இடி இறங்கியது போலத் தலைவலி வந்து, மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்ததாக 2018-ல் மருத்துவ இதழில் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஒருத்தர்தானே என்பீர்கள். ஆமாம், ஒருத்தர்தான். சந்தோஷமா?

"அவனே அப்புறம் சிரிச்சானே!" பத்து போன் முகத்துக்கு நேரே நிற்கும்போது வேறென்ன செய்வான்? நட்பை முறித்துக்கொண்டு எழுந்து போவானா?

இத்தனை வருஷத்தில் என் செடிகளைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தராவது அந்த வாசனையைப் பற்றிக் கேட்டதில்லை. ஆரஞ்சுத் தோலையும் பூவையும் சேர்த்துக் கசக்கிய மாதிரி இருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, "யாருக்குக் குடுத்தா வேடிக்கையா இருக்கும்?" நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

சாஸ் செய்யப் போகிறோம் என்று சொல்லித்தான் போன வாரம் நாலு பழம் வாங்கிப் போனார்கள். வீடியோவில் பதினேழாவது விநாடி, மேஜை ஓரத்தில் கவர் கிடக்கிறது. "கையுறை போட்டு நறுக்கவும், பச்சையாகக் கடிக்காதீர்கள்." என் கையெழுத்து.

மீதி மூன்று எங்கே என்று கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள், இன்னும் பதில் இல்லை.