ஃபோர்துனி விலைபோன ஓவியர் மட்டுமல்ல

ஸ்பெயினின் ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது நாம் கோயாவிலிருந்து ஒரே தாவலில் பிக்காசோவுக்குப் போய்விடுகிறோம். இடையில் வாழ்ந்த மரியானோ ஃபோர்துனியைப் பற்றி யாராவது பேசினால், பட்டாடையும் விசிறியுமாகச் சின்னச் சின்ன அலங்காரப் படங்கள் வரைந்து பணம் சம்பாதித்தவர் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

1838இல் கத்தலோனியாவின் ரெயுஸ் நகரில் பிறந்தவர் ஃபோர்துனி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரை வளர்த்தவர், மரவேலையோடு மெழுகுப் பொம்மைகளும் செய்துவந்த தாத்தா. பேரனின் கையில் இருந்த திறமையைக் கண்டுகொண்ட அந்த முதியவர், 1852இல் அவனை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நடந்தே பார்சலோனாவுக்குப் போனார். அங்கே கலைப்பள்ளியில் படித்து, உதவித்தொகை வென்று, பத்தொன்பது வயதில் ரோமை அடைந்தார் ஃபோர்துனி.

1860இல் மொராக்கோவுடன் ஸ்பெயின் போரிட்டபோது, அதைப் படமாக்கிவர பார்சலோனாவின் மாகாண மன்றம் அவரை அங்கே அனுப்பியது. வெற்றியைக் கொண்டாடும் பிரம்மாண்டமான ஓவியம் ஒன்றைத்தான் மன்றம் எதிர்பார்த்தது. ஆனால் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது வட ஆப்பிரிக்காவின் வெயிலும், வெள்ளைச் சுவர்களும், அந்த மண்ணின் மனிதர்களும்தான். 'தெத்துவான் போர்' என்ற அந்த ஓவியம் 3 மீட்டர் உயரமும் 9.72 மீட்டர் நீளமும் கொண்டது. ஆண்டுக்கணக்கில் அதோடு போராடியும் முடிக்க முடியாமல், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை அவருடைய தோல்வியாக எழுதுகிறவர்கள் உண்டு. தனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை முடித்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்த நேர்மையையே நான் அதில் காண்கிறேன்.

பிறகு புகழ் வந்தது. 1867இல், பிராதோ அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஓவியர் ஃபெதெரிக்கோ தெ மத்ராசோவின் மகள் செசீலியாவை மணந்தார். தேவாலயத்தில் திருமணப் பதிவுக்குக் கையெழுத்திடும் காட்சியைக் காட்டும் 'லா விக்காரியா' 1870இல் பாரிஸில் கூப்பில் என்ற ஓவிய வணிக நிறுவனத்தின் வழியாக 70,000 பிராங்குக்கு விற்றது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத அந்தப் பலகையில் இரும்புக் கிராதியின் ஒவ்வொரு வளைவையும் நுணுக்கமாகத் தீட்டியிருக்கிறார். வாங்குவோர் அதே மாதிரிப் படங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அந்த நெருக்கடியிலிருந்து விலகி, தெற்கு ஸ்பெயினின் கிரனாடாவில் வாழ்ந்த காலத்தில் அவர் வரைந்த 'வெயிலில் ஒரு நிர்வாண முதியவர்' என்ற படத்தை, அவரைக் குறைத்துப் பேசுவோர் ஒருமுறையாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். கண்களை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்திருக்கிறார் ஒரு கிழவர். நெஞ்சின் மேல் வெளிச்சம் கெட்டியான சாயமாக அப்பிக் கிடக்கிறது. விலா எலும்புகளுக்கிடையே நிழல் இறங்குகிறது. கீழே போகப் போகத் தூரிகை தளர்ந்து, உடல் வெறும் கோடுகளாகக் கரைந்துவிடுகிறது. பட்டும் இல்லை, விசிறியும் இல்லை. வயதான தோலின்மேல் விழும் வெயிலின் இதம் மட்டுமே இருக்கிறது. நுணுக்கத்தை விட்டுக் கணநேர ஒளியைத் தளர்வான தூரிகையால் தீட்டிய இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி பாரிஸில் இதற்குப் பிறகு, 1874இல்தான் நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், இவர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்பது விளங்கும்.

அதே 1874இன் கோடையில், நேப்பிள்ஸுக்கு அருகே போர்த்திச்சியின் கடற்கரையில் குடும்பத்தோடு தங்கி, இனித் தன் விருப்பப்படியே வரைய வேண்டும் என்ற எண்ணத்தோடு வேலை செய்தார். அந்த நவம்பரில் ரோமில் இறந்தபோது அவருக்கு வயது 36. கடைசி மாதங்களில் மாமனாருக்குப் பரிசாக அவர் தொடங்கிய படத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் நீண்ட இருக்கை ஒன்றில் சாய்ந்து கிடக்கிறார்கள். மகள் கையில் விசிறி இருக்கிறது. உடையில்லாமல் விளையாடிக்கொண்டிருக்கும் மூன்று வயது மகன்தான், பின்னாளில் வெனிஸில் பட்டுத் துணிகளால் உலகப் புகழ் பெற்ற இளைய மரியானோ ஃபோர்துனி.