சனிக்கிழமை ஃபட்டோர்டாவில் நாம் ஜெயிக்கிறோம்

நாளைக்கு, 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் ஓட்டு. காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள், சாயந்திரம் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) பிளே-ஆஃப் ஆரம்பம், அதாவது லீக்கில் முதல் ஆறு இடம் பிடித்தவர்கள் கோப்பைக்கு மோதும் சுற்று. மறுநாள் சனிக்கிழமை, ஏப்ரல் 20, ராத்திரி 7.30 மணிக்கு கோவாவின் சொந்த மைதானமான ஃபட்டோர்டாவில் அவர்களுக்கு எதிராக நம்ம சென்னையின் எஃப்சி இறங்குகிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு நமக்கு இதுதான் முதல் பிளே-ஆஃப். நடுவில் மூன்று சீசன், மூன்றிலும் எட்டாம் இடம். அந்த மூன்று வருடமும் விடாமல் மேட்ச் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இந்த வாரம் தூக்கம் ஏன் வரவில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை அதே ஃபட்டோர்டாவில் 4-1 என்று தோற்றோம். அதிலிருந்து யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு: "ஆறாம் இடம் வந்ததே பெருசு, விடு." நான் விடுவதாக இல்லை. அந்த ஆட்டத்துக்கு முன்பே நம் ஆறாம் இடம் உறுதியாகிவிட்டது. ஜெயித்தாலும் ஐந்துக்குப் போக முடியாது, தோற்றாலும் ஏழுக்கு இறங்க மாட்டோம். சனிக்கிழமை அப்படி இல்லை. ஒரே ஆட்டம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஆட்டங்களில் கோவாவும் நாமும் மோதிய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2015 இறுதி ஆட்டம். டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நம் சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியையே புனேவுக்குக் கொண்டுபோய் ஆடினார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கறை, டிவி செத்துப்போயிருந்தது. மாடிவீட்டு அக்கா கூப்பிட்டு உட்கார வைத்தார். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1. அப்பா எழுந்து கீழே போய்விட்டார். 90-ஆவது நிமிடத்தில் பந்து கோவா கீப்பர் கட்டிமணி மேல் பட்டு உள்ளே போனது, அடுத்த இரண்டாவது நிமிடம் நம்ம மெண்டோசா அடித்தார். 3-2. நாங்கள் போட்ட சத்தத்தில் அப்பா மறுபடி மேலே ஓடி வந்தார். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் கேட்ட முதல் சந்தோஷச் சத்தம் அதுதான்.

2018 அரையிறுதியில் அங்கே 1-1, இங்கே 3-0. ஜெஜே இரண்டு, நம்ம சென்னைப் பையன் தனபால் கணேஷ் ஒன்று. 2020 அரையிறுதியில் லீக் முதலிடம் பிடித்து வந்த கோவாவை இங்கே 4-1 அடித்து, அங்கே 4-2 வாங்கி, மொத்தத்தில் 6-5 என்று தாண்டினோம். ஐஎஸ்எல் நாக்-அவுட்டில் மூன்று முறை சந்தித்தோம், மூன்றிலும் நாமே. 2019 சூப்பர் கப் இறுதியில் 2-1 என்று அவர்களிடம் தோற்றதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது வேறு போட்டி.

அந்த 2020 அணியின் கோச் யார்? இதே ஓவன் கோய்ல். சீசன் நடுவில் வந்து, அட்டவணையின் அடியில் கிடந்த அணியை ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு போனவர். பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போய் லீக் முதலிடத்துக்கான ஷீல்டும் வாங்கிக் கொடுத்தார். இப்போது திரும்பி வந்திருக்கிறார். மார்ச்சில் ஹைதராபாத்திடம் சொந்த மைதானத்தில் தோற்றோமே, இந்த சீசன் முழுக்க அவர்கள் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அன்றைக்கு எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அதே மாதம் 31-ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானை 3-2 என்று சாய்த்தோம். இஞ்சுரி டைமில் அவர்கள் பெனால்டி அடித்து 2-2 ஆக்கிய பிறகு, 97-ஆவது நிமிடத்தில் இர்பான் அடித்த கோல்! அப்புறம் ஜாம்ஷெட்பூர் 2-1. அப்புறம் நார்த்ஈஸ்ட்.

நார்த்ஈஸ்ட் ஆட்டத்துக்கு நேரில் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு தாத்தா, பேரனோடு வந்திருந்தார். 1-1 என்று இழுத்துக்கொண்டே போகிறது. கூட்டம் கலைவதற்குள் மெட்ரோவைப் பிடித்துவிடலாம் என்று அவர் குனிந்து பையனின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலுக்குக் கட்டி முடித்திருப்பார், இஞ்சுரி டைமில் அங்கித் முகர்ஜி கோல். பையன் இன்னொரு ஷூவை அப்படியே உதறிவிட்டு நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். தாத்தா அந்த ஷூவைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே ஆடினார். பெரியமேடு வரை எங்கள் சத்தம் கேட்டிருக்கும்.

கோவா பலமான அணிதான். அவர்கள் கோச் மனோலோ மார்க்கேஸ் பந்தை வைத்து விளையாடக் கற்றுக்கொடுப்பவர், 45 புள்ளி எடுத்திருக்கிறார்கள், நாம் 27. அவர்களின் நோவா சதாவி இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருவதைத் தடுக்காவிட்டால் முதல் பாதியிலேயே கதை முடிந்துவிடும். நம் ரைட்-பேக் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது, நடுக்களத்திலிருந்து ஒருவர் எப்போதும் துணைக்குப் போக வேண்டும். நம்ம கிரிவெல்லாரோ முதல் நிமிடத்திலிருந்தே களத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கார்னரும் ஃப்ரீகிக்கும் நமக்குப் பெரிய ஆயுதம். எட்வர்ட்ஸ், சிர்கோவிச் என்று இரண்டு உயரமான ஆட்கள் உள்ளே ஏறி நிற்கும்போது யாருக்கும் வயிறு கலங்கும்.

மற்ற ஆட்டங்களைப் பற்றி. நாளை ஒடிஷா-கேரளா, புவனேஸ்வரில். கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன் லூனா டிசம்பரிலிருந்து காயத்தில் இருக்கிறார், அவர் இல்லாமல் பிளாஸ்டர்ஸ் பாதி அணிதான். போன வருடம் பெங்களூரில், தாங்கள் தயாராகும் முன்பே சேத்ரி ஃப்ரீகிக்கில் கோல் அடித்துவிட்டார் என்று நாக்-அவுட் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே நடந்தார்கள். அந்த வலியைத் துடைக்க வெறியோடு வருவார்கள். மூன்று ஃபைனல் ஆடியும் கோப்பையைத் தொடாத அந்த ரசிகர்கள் மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டு. ஆனாலும் ஒடிஷாவின் ராய் கிருஷ்ணாவும் டியேகோ மௌரிசியோவும் சேர்ந்தால் கோல் விழும். ஒடிஷா 2-1.

அரையிறுதியில் மோகன் பகானுக்கு ஒடிஷா ஈடு கொடுக்கும், ஆனால் தாண்டாது. கோச் ஹபாஸ் சீசன் நடுவில் வந்து மோகன் பகானைத் திருப்பிய விதம் அப்படி. திங்கட்கிழமை மும்பையை 2-1 என்று வீழ்த்தி ஷீல்டையே தூக்கிவிட்டார்கள். 2020 ஃபைனலில் காலி மைதானத்தில் நம்மை 3-1 என்று தோற்கடித்ததும் இதே ஹபாஸின் அணிதான், அப்போது ஏடிகே. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி. மே 4 இறுதி ஆட்டத்தில் அவரை எதிரே பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், சனிக்கிழமை ஜெயித்தால், அரையிறுதியில் மும்பை. அவர்களின் சாங்தேவின் வேகத்துக்கு இரண்டு ஆட்டமும் தாக்குப் பிடிப்பது கஷ்டம். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன், இப்போதைக்கு என் மனசு முழுக்கச் சனிக்கிழமைதான்.

என் கணிப்பு: 90 நிமிடத்தில் 1-1. எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கார்னர், எட்வர்ட்ஸ் தலை. கோவா 1, சென்னை 2.